ஓசூர் எவ்வளவு தூரம்?

ஓசூருக்குப் போய்வரப் போகிறோம் என்று சென்னை நண்பர் ஒருவரிடம் சொன்னோம். "அடேயப்பா, அவ்வளவு தூரமா?" என்றார். அதே செய்தியைப் பெங்களூர் நண்பர் ஒருவருக்குத் தெரிவித்தோம். "இதை ஒரு பிரயாணம் என்று சொல்லலாமா? பக்கத்துப் பேட்டைதானே!" என்று சிரித்தார். இருவர் சொன்னதும் உண்மையே. ஓசூரிலிருந்து சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். ஆனால் ஓசூர்வாசி ஒருவருக்குப் பட்டா மாறவேண்டுமானாலும், ரேஷன் அட்டை வேண்டுமானாலும், பரீட்சை எழுதவேண்டுமானாலும் அந்த 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சர்க்கார்தான் அதிகாரம் படைத்தது. சம்பளமும், பெரிய ஆஸ்பத்திரியும், பூ விற்பதற்குச் சந்தையும் அந்த 40 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. வயிறு ஒரு பக்கம், விலாசம் ஒரு பக்கம். இப்படி வாழும் லட்சக்கணக்கான ஜனங்களின் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல வந்தோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். புறப்படும்போது முகத்தில் வீசுவது நம்முடைய பழைய சேலம் ஜில்லாவின் உஷ்ணக் காற்று. சாலையின் இரு புறமும் மாந்தோப்புகள். சூளகிரிப் பக்கம் வரும்போது பாதை மேலே மேலே ஏறுகிறது. 50 கிலோமீட்டர் தூரத்தில் 1,000 அடிக்கு மேல் ஏறிவிடுகிறோம். ஓசூரில் இறங்கும்போது காலை நேரமானால் மேல் துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். ரோஜாத் தோட்டங்கள் தென்படுகின்றன. கேழ்வரகு வயல்கள் தென்படுகின்றன. ஆக, பூமாதேவி எல்லை வகுத்திருந்தால் ஓசூருக்குக் கீழே, அந்த ஏற்றத்தில்தான் வகுத்திருப்பாள். மனிதன் வகுத்த எல்லை எங்கே இருக்கிறது? ஓசூரைத் தாண்டி, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே. அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. இந்தப் பக்கத்துப் பாறையும் அந்தப் பக்கத்துப் பாறையும் ஒரே பாறை. இந்தப் பக்கத்துக் களியும் அந்தப் பக்கத்து முத்தையும் ஒரே பண்டம். பலகையில் உள்ள எழுத்து மாறுவதைக் கொண்டுதான் ராஜ்யம் மாறிவிட்டதென்று அறிகிறோம்.

இது ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டவேண்டியிருக்கிறது. 1792-ம் வருஷத்தில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகால் பிரதேசத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி அப்போது கம்பெனியார் வசமாயிற்று. மலைக்கு மேலே இருந்த ஓசூர்ப் பகுதி மைசூரோடேயே இருந்தது. அதாவது, அந்த ஏழு வருஷ காலந்தான் எல்லைக்கோடு இயற்கைக்கு ஒத்த இடத்தில் இருந்தது! 1799-ல் திப்பு மாண்டபிறகு ஓசூரும் கம்பெனியைச் சேர்ந்தது. பாளையக்காரர் காலத்தில் எந்தக் கோடும் நிலையாக இல்லை என்பது வேறு விஷயம். பிறகு 1956 நவம்பர் 1-ந் தேதி பாஷைவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, கொள்ளேகால் தாலூகா மைசூருக்குப் போயிற்று. ஓசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. 'ஹொஸ ஊரு', அதாவது புதிய ஊர், என்று கன்னடத்தில் பொருள்படும் பெயர் கொண்ட ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருகின்றன. நாம் ஒரு கடையில் விலை கேட்டபோது, கடைக்காரர் நமக்குத் தமிழில் பதில் சொல்லி, பையனுக்குத் தெலுங்கில் கட்டளையிட்டு, டெலிபோனில் கன்னடத்தில் சண்டை போட்டார். மூன்றும் ஒரு நிமிஷத்துக்குள்.

இந்த ஊர்ப் பக்கத்து மனிதருக்கு எந்தப் பட்டணம் அருகில் என்பதற்கு, தேசமெல்லாம் அறிந்த ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. ராஜாஜி 1878 டிசம்பர் 10-ந் தேதி ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். ஓசூரில் பள்ளிக்கூடப் படிப்பு. காலேஜுக்கு எங்கே போனார்? பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு. அதற்குப் பிறகுதான் சட்டப் படிப்புக்காகச் சென்னை ராஜதானிக் கல்லூரி. அதன்பின் சேலத்தில் வக்கீல் தொழில். அந்தக் காலத்தில் ஓசூருக்கு ரயில் கிடையாது. மாட்டு வண்டியில் ஏறினாலும் ஓர் இரவுக்குள் சென்றடையக்கூடிய பட்டணம் எதுவோ, அங்கேதான் கிராமத்துப் பிள்ளை படிக்கப் போவான். பிற்காலத்தில் அந்தப் பிள்ளை இந்தியாவின் கவர்னர் ஜெனரலே ஆனாலும் விதி அதுதான்!

1885-ம் வருஷத்தில் ராவன்ஸ்டைன் என்னும் அறிஞர் குடிபெயர்ச்சியைப் பற்றிச் சில விதிகளை வகுத்துச் சொன்னார். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர் அவர். இங்கிலாந்தின் ஜனத்தொகைக் கணக்கைத் துருவித் துருவிப் பார்த்து அவர் கண்டது இது: ஊரை விட்டுக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் வெகுதூரம் போவதில்லை, பக்கத்து ஊருக்கே போகிறார்கள். தூரம் அதிகமாக ஆகப் போகிறவர் தொகை குறைகிறது. வெகுதூரம் போகிறவர்கள் பெரிய வியாபாரப் பட்டணங்களையே நாடிப் போகிறார்கள். கிட்டத்துக் குடிபெயர்ச்சியில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். கடைசியில் சொன்னதற்கு நம் தேசத்தில் வேறு ஆராய்ச்சி வேண்டாம். கல்யாணம் என்று ஒன்று இருக்கிறதே! ஓசூர் வட்டாரத்தில் ஆனேக்கல்லில் பெண் எடுத்தவர்களும், அத்திப்பள்ளியில் பெண் கொடுத்தவர்களும் சகஜம். ராஜ்யம் மாறிக் கல்யாணம் செய்துகொண்டோம் என்று அவர்கள் நினைப்பதேயில்லை. பெயர்ப் பட்டியலில் மாற்ற வேண்டிவரும்போதுதான் நினைப்பு வரும்.

ராவன்ஸ்டைனின் விதிக்கு 1940-ல் ஸ்டௌஃபர் என்ற அமெரிக்கர் ஒரு திருத்தம் சொன்னார். தூரம் மட்டும் மனிதனைத் தடுப்பதில்லை. வழியில் வேறு பிழைப்பு அகப்பட்டால் அங்கேயே நின்றுவிடுகிறான் என்பது அவருடைய சித்தாந்தம். அதை ஓசூரைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று நமக்குத் தோன்றிற்று. தர்மபுரி, சேலம், திருப்பத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வெகு காலமாகப் பிழைப்புக்காக வடக்கே போய்க்கொண்டிருந்தவர்கள். பெங்களூர் கண்டோன்மெண்டு 19-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஏற்பட்டபோது போனார்கள். கோலார் தங்க வயல் திறந்தபோது போனார்கள். பிற்பாடு பெங்களூரில் விமானத் தொழிற்சாலையும், கடிகாரத் தொழிற்சாலையும், டெலிபோன் தொழிற்சாலையும் ஏற்பட்டபோதும் போனார்கள். 1970-களில் தமிழ்நாட்டு சர்க்கார் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டையை அமைத்தது. பின்தங்கிய ஜில்லாவுக்குத் தொழில் வேண்டும் என்பது ஒரு காரணம். பெங்களூரின் தேர்ந்த தொழிலாளியும் யந்திர உறுப்பு செய்கிறவரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். 1980-ல் அசோக் லேலண்டு இங்கே வந்தது. அதே வருஷத்தில் டி.வி.எஸ். மொபெட் வண்டி இங்கிருந்து தெருவில் இறங்கிற்று. டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தபோது, பெங்களூர் எச்.எம்.டி.யில் அனுபவம் பெற்றவர்கள் பலர் அதற்குக் கிடைத்தார்கள். ஆகவே வடக்கே போய்க்கொண்டிருந்த ஜனங்களில் பலர் ஓசூரிலேயே நின்றார்கள். அதோடு பெங்களூரிலிருந்து தெற்கே வருகிறவர்களும் கிளம்பினார்கள். இன்று காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் கம்பெனி பஸ்கள் இரண்டு திசையிலும் எதிரெதிரே பறக்கின்றன. இவ்வளவு பேரும் இடத்தை மாற்றிக்கொண்டு வீட்டருகே வேலை செய்யக்கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நம் யோசனையை யார் கேட்கிறார்கள்?

இப்போது வரும் ஆள்களின் தூரமும் மாறிவிட்டது. ஓசூருக்கு அருகே டாட்டா கம்பெனி டெலிபோன் உறுப்புகள் செய்யும் பெரிய தொழிற்சாலையை அமைத்திருக்கிறது. அதில் வேலை செய்வதற்காக 2022-ல் ஜார்க்கண்டு ராஜ்யத்துப் பழங்குடிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ரயிலேறி வந்தார்கள். ஒரு மாலையில் கடைத்தெருவில் அப்படிப்பட்ட பெண்கள் நால்வரைக் கண்டோம். செருப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு எப்போது போவீர்கள் என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டோம். வருஷத்துக்கு ஒரு தடவை, பண்டிகைக்கு, என்று ஒருத்தி சொன்னாள். பக்கத்தில் நின்ற ஓசூர்ப் பெண்ணோ தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பவள். தூரம் என்பது இப்படித்தான் மனிதரைப் பிரிக்கிறது. கிட்டத்தில் வேலை கிடைத்தவர் போய்வருகிறார். எட்டத்தில் வேலை கிடைத்தவர் குடிபோகிறார். முந்தியவரை எந்த ஜனத்தொகைக் கணக்கும் குடிபெயர்ந்தவர் என்று எழுதுவதில்லை. அத்தனை ஆயிரம் பேர் தினம் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய்த் திரும்பியும், புத்தகத்தில் அவர்கள் ஓர் அடியும் நகரவில்லை!

போய்வருவதா, குடிபோவதா என்று தீர்மானிப்பது மைல்கல் அல்ல, வண்டி வசதி. கோலார் தங்க வயலைப் பாருங்கள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே மூன்று நான்கு தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் கலைந்து போயிருக்க வேண்டும். பலர் கலையவில்லை; பெங்களூருக்குப் போகும் ரயில் இருந்தது. விடிவதற்கு முன்னால் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் சென்று வேலை பார்த்து, இருட்டியபின் திரும்புகிறார்கள். தூக்கத்தை ரயிலிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கிருஷ்ணகிரி பெங்களூருக்கு அதைவிடக் கிட்டத்தில், சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. ஜில்லாத் தலைநகரம், மூலைக்கு மூலை நெடுஞ்சாலை வந்து கூடும் ஊர், ரயில் ஸ்டேஷன் மட்டும் கிடையாது.

இதில் நம் மனத்தை உறுத்துவது என்னவென்றால், ஒரு காலத்தில் இருந்தது என்பதுதான். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்காகத் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் இன்னொன்று. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். அவசரக்காரர்கள் இறங்கி நடந்து முன்னால் போய்விடுவார்கள் என்று இப்படிப்பட்ட ரயில்களைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இருந்தாலும் ரயில் ரயில்தானே? 1941-ல், யுத்த காலத்தில், இரண்டு பாதைகளையும் மூடிவிட்டார்கள். ஓசூருக்கு 1960-களின் இறுதியில் சேலம்–பெங்களூர் பாதை வாயிலாக ரயில் திரும்ப வந்தது. கிருஷ்ணகிரி காத்திருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டுமென்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் புதுப்பிக்கப்படுகிறது.

வண்டி இருந்தாலும் சட்டம் ஒரு தூரம். ஒரு ராஜ்யத்தில் பதிவான மோட்டார் வண்டியை இன்னொரு ராஜ்யத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபடி பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். டி.என். 70 என்ற எண் தாங்கி, தினந்தோறும் பெங்களூருக்குப் போய் இரவு ஓசூரில் உறங்கும் வண்டி எந்த ராஜ்யத்தில் இருக்கிறது? வண்டிக்காரர் சாலையில் நின்று வாதாடித்தான் நிரூபிக்கவேண்டும். இன்னும் விந்தை ஆகாய விமான விஷயம். ஓசூரில் சர்வதேச விமான நிலையம் அமைப்பதாகத் தமிழ்நாட்டு முதல் மந்திரி 2024 ஜூன் மாதத்தில் சட்டசபையில் அறிவித்தார். ஆனால் 2008-ல் திறந்த பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையம் ஏற்படுவதை அது 25 வருஷத்துக்கு, அதாவது 2033 வரை, கட்டுப்படுத்துகிறது. ஓசூர் அந்த வட்டத்துக்குள் வெகு உள்ளே இருக்கிறது. சமீபமே சாபமாய் வந்து முடிந்தது! பெங்களூர் மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதிலிருந்து ஓசூர் சுமார் 20 கிலோமீட்டர். நீட்டலாமா என்ற பேச்சில் இரண்டு பக்கத்துக்கும் இன்னும் ஒரு மனம் ஏற்படவில்லை. எல்லையைக் கேட்காமல் வருவது தென்பெண்ணை ஒன்றுதான். நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு, கொடியாளத்தருகே தமிழ்நாட்டில் நுழைகிறது. மழை பெய்தால் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை மலையாகக் குவிகிறது. சோதனைச் சாவடியில் யாரும் அதை நிறுத்திப் பர்மிட் கேட்டதில்லை.

சட்டத்தையும் மிஞ்சிய தூரம் ஒன்று உண்டு, அது பயம். 1991 டிசம்பரில் காவேரி இடைக்காலத் தீர்ப்பையொட்டிப் பெங்களூரில் கலகம் மூண்டது. தமிழர்கள் பலர் வீடு வாசலை விட்டு எல்லை கடந்து இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். 2000-ல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோது பஸ் போக்குவரத்து நின்றது. 2016 செப்டம்பர் 12-ந் தேதி மறுபடி காவேரி விவகாரம். பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவு எண் கொண்ட பஸ்கள் பல எரிக்கப்பட்டன. இரண்டு பக்கத்துப் பஸ்களும் எல்லைக்கு முன்பே நின்றுவிட்டன. ஜனங்கள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது சில மாதங்கள் வரை அந்தக் கோட்டைத் தாண்ட மின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 40 கிலோமீட்டர் ஒரே இரவில் 400 ஆயிற்று.

இதைச் சொல்லும்போது தனுஷ்கோடி நினைவு வராமல் போகாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர். ஓசூருக்கும் பெங்களூருக்கும் உள்ளதைவிடக் குறைவு. 1914 முதல் ரயிலும் கப்பலும் இணைந்து, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆனால் புயலுக்கு முன்னாலேயே, 1948-ல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் வந்தபோதே, அந்தக் கடல் அகலமாகிவிட்டது. சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவே உள்ள பாலமோ ஒரே ஒரு கிலோமீட்டர். தினம் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதைக் கடக்கிறார்கள். நம் தமிழ்த் தொழிலாளிகளும் அதில் உண்டு. 2020 மார்ச்சில் அது மூடப்பட்டு, 2022 ஏப்ரலில்தான் முழுவதும் திறந்தது. அக்கரையில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் குடும்பத்தைக் காணாதிருந்தவர்கள் பலர்.

திரும்பும் நாள் காலையில் ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றோம். இன்னும் வெளுக்கவில்லை. இரண்டு பெரிய ரோஜாக் கட்டுகளுடன் ஒரு அம்மாள் வந்து நின்றாள். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். தினம் பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகிறவள் என்று தெரிந்தது.

"ஏன் அம்மா, கலகம் நடந்த நாளில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம்.

"பூவு நிக்குமுங்களா ஐயா? அன்னைக்கும் செடியில பூத்துதான் இருந்துச்சு. அத்திப்பள்ளி வரைக்கும் தலையில தூக்கிட்டு நடந்தேன். அங்க வாங்கறவரு வந்து நின்னாரு. கன்னடக்காரருதான். போலீசு இருக்குது, நீ வராதம்மான்னு பாதி வழியில வந்து வாங்கிக்கிட்டாரு."

"பணம்?"

"பணத்தை மறுவாரம் குடுத்தாருங்க. ஒரு ரூபா குறைக்கல."

மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தோம். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கட்டுகளை முதலில் ஏற்றி, பிறகு தான் ஏறி, ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.